பள்ளிக்கு நன்கொடை: ஆடிட்டர் பதில்கள்

பள்ளி அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. பழைய மாணவர் சந்திப்பு நடக்கும் மாதங்களில் நன்கொடை பற்றிக் கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் சில.

நாங்கள் 1996 பிளஸ் டூ செட். படித்த தனியார் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் 6 லட்சம் சேர்த்திருக்கிறோம். ஸ்மார்ட் கிளாஸ் அமைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். தலைமையாசிரியரோ பெண்கள் கழிப்பறையைச் சரி செய்து கொடுங்கள் என்கிறார். குழுவில் சண்டையே வந்துவிட்டது.

தலைமையாசிரியர் கட்சிதான் நான். காரணம் சொல்கிறேன்.

ஒரு பள்ளியில் சாமான் இருப்பைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பழைய மாணவர்கள் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் அறை. வாசலில் கிரானைட் கல்வெட்டு பளபளவென்று இருந்தது. உள்ளே 20 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் தைத்த உறை. உறையை எடுத்துப் பார்த்தால் எதுவும் ஓடவில்லை. யூபிஎஸ் பேட்டரிகள் உப்பிப் போய் இரண்டு வருஷமாம். மாற்றப் பணமில்லை. நன்கொடைக் கணக்கில் அந்த அறைக்கான பணம் முழுதாகச் செலவாகி முடிந்திருந்தது. கரண்ட் பில்லுக்கும் பேட்டரிக்கும் யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

கழிப்பறைக்கும் இதே கதி வரலாம். கட்டுவது ஒரு தடவைச் செலவு, கழுவுவது தினமும். துப்புரவுப் பணிக்கு மாதம் 9,000 கொடுத்தால் வருஷத்துக்கு 1,08,000. இரண்டு லட்சத்தை டெபாசிட்டில் போட்டு வட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 7 சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 14,000தான் வரும். அது பினாயிலுக்கும் குழாய் வாஷருக்கும் சரியாகப் போகும். நான் சொல்லும் வழி: 6 லட்சத்தில் வேலையை முடியுங்கள். அதோடு குழுவில் 18 பேர் மாதம் 500 ரூபாய் போடச் சம்மதித்தால் அந்தச் சம்பளம் வந்துவிடும். 18 பேர் கிடைக்கவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசாங்கம் தருகிறது. அதற்கு எதற்கு நன்கொடை?

அரசு தருவது அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளம். கட்டடம், சுற்றுச்சுவர், ஒழுகும் கூரை எல்லாம் நிர்வாகத்தின் தலையில். பெரிய கட்டணமும் வாங்க முடியாது. சுயநிதிப் பள்ளியைவிட இந்த மாதிரிப் பள்ளிக்குத்தான் நன்கொடை அதிகம் தேவை என்பேன்.

எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போனோம். ‘கட்டட நிதி’ 40,000 கொடுத்தால்தான் சீட் என்கிறார்கள். ரசீதும் தருகிறார்களாம். நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு கிடைக்குமா?

சீட்டுக்காகக் கொடுப்பது நன்கொடையே இல்லை. அறிவித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் அதற்கு ‘கேப்பிடேஷன்’ என்றுதான் பெயர். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் 1992இலிருந்தே இதற்குத் தனித் தடைச் சட்டமும் உண்டு. ரசீது கொடுத்தால் நியாயமாகிவிடாது. நீங்கள் அதை வரிக்கழிவாகக் காட்டினால் தவறு உங்கள் பக்கமும் சேரும்.

1 லட்சம் கொடுத்தால் 1 லட்சத்துக்கும் வரி மிச்சமா?

இல்லை. பள்ளி அறக்கட்டளைக்குப் பொதுவாகப் பாதித் தொகைதான் கழிவு. அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 30 சதவீத வரி கட்டுபவருக்கு 1 லட்சத்தில் மிச்சமாவது சுமார் 15,000. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவும் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, எனவே செக்கோ வங்கிப் பரிமாற்றமோதான். பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் வரவேண்டிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்த பழைய 80ஜி எண்ணை நம்பிவிடாதீர்கள். 2021இலிருந்து அந்தப் பதிவுக்குக் காலக்கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்த நிர்வாகங்களை நானே பார்த்திருக்கிறேன்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். படித்த பள்ளியின் நூலகத்துக்கு நேரே டாலர் அனுப்பலாமா?

எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், அவர் சொந்தச் சம்பாத்தியம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலைப் பள்ளி வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் என்றால் கதை வேறு. பள்ளி நடத்தும் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பணமும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவுள்ள இன்னோர் அறக்கட்டளை வழியாக வாங்கி மாற்றிக்கொள்ளும் வழி 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. ‘அம்மா கணக்குக்கு அனுப்பிவிடு, அம்மா பெயரில் கொடுத்துவிடுவோம்’ என்ற யோசனை யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். சிக்கலில் மாட்டுவது பள்ளி.

மறைந்த அம்மா பெயரில் வருஷா வருஷம் ஒரு ஏழை மாணவிக்குக் கட்டணம் கட்ட ஆசை. 10 லட்சம் தருவதாக உத்தேசம். எப்படிக் கொடுப்பது?

மூலநிதியாகக் கொடுங்கள். அசலைத் தொடக் கூடாது, வட்டியில் மட்டும் உதவ வேண்டும் என்று கடிதத்தில் எழுதி, கார்பஸ் நன்கொடை என்ற வார்த்தையையும் போட்டு, நகலில் நிர்வாகியின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் இல்லாவிட்டால் உங்கள் 10 லட்சம் பொதுக்கணக்கில் கரைந்து போகும். நான் கேட்டால் ‘அவர் வாயால் சொன்னார் சார்’ என்பார்கள், அதை வைத்து நான் கணக்கெழுத முடியாது.

இன்னொன்று. 7 சதவீதத்தில் இன்றைக்கு வருஷம் 70,000 வரும். கட்டணம் ஏறிக்கொண்டே போகும், வட்டி ஏறாது. அதனால் ஐந்தில் ஒரு பங்கு வட்டியை அசலோடு சேர்க்கச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள். மாணவியைத் தேர்ந்தெடுப்பதைப் பள்ளியிடம் விடுங்கள். என்ன தகுதி என்று மட்டும் நீங்கள் சொல்லலாம். உங்கள் சித்தப்பா பேத்திக்கே கிடைக்க வேண்டும் என்றால், அவள் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள். அது நல்ல காரியம்தான், அறக்கட்டளை எதற்கு?

உயிலில் எழுதி வைத்தால் போதாதா?

பச்சையப்ப முதலியார் உயில் எழுதி வைத்துவிட்டு 1794இல் காலமானார். அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறந்தது 1842இல். இடையில் வழக்கு, நீதிமன்றம். இருக்கும்போதே ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியை உயிலில் எழுதுங்கள். அறக்கட்டளையின் பதிவுப் பெயரை எழுத்துப் பிசகாமல் குறிப்பிட்டு, நிறைவேற்றுபவர் யார் என்பதையும் போடுங்கள். பள்ளியின் பெயர் வேறு, அறக்கட்டளையின் பெயர் வேறாக இருக்கும்.

எங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் போடலாமா?

தாராளமாக. அந்த நிதியைச் செலவிடக்கூடிய பணிகளின் பட்டியலில் கல்வி உண்டு. அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி என்றால் கணக்கில் சேராது.

வீட்டில் பழைய புத்தகங்கள், ஒரு கம்ப்யூட்டர் இருக்கின்றன. கொடுத்தால் வரிச் சலுகை உண்டா?

பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது. கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று முதலில் போட்டுப் பாருங்கள். கதைப் புத்தகங்களை நூலகர் ஆசையாக வாங்கிக்கொள்வார். பழைய பாடத்திட்டத்து கைடுகளை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, வரும் காசைக் கொடுங்கள்.