உப்புக்காற்றுப் பயத்தை முதலில் போக்குங்கள்

வணக்கம் அண்ணா. பார்த்துப் பார்த்து வைத்திருந்த 2003 டொயோட்டா கொரோலா 121 கார், விளம்பரம் போட்டு இரண்டு மாதமாகியும் விலைப்படவில்லை, கோல் எடுக்கிற ஆக்கள் எல்லாம் "கடைசி விலை என்ன?" என்று மட்டுமே கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலை உவர்மலையில் என் பழைய சன்னிக் காரை விற்க நானும் இதே பாடுதான் பட்டேன்.

நீங்கள் போட்ட படங்களில் பளபளக்கும் பொனட்தான் தெரிகிறது. திருகோணமலைக் கார் என்றதும் வெளியூர்க்காரருக்கு முதலில் வருகிற பயம் உப்புக்காற்று. என்னிடம் வந்த ஒருவர் இஞ்சினைத் திறக்கவே இல்லை. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பெயார் டயர்க் குழிக்குள் விரலால் தடவினார். துருவே இல்லை, விரலில் வெறும் தூசிதான். அப்புறம்தான் உட்கார்ந்து கதைத்தார். ஆகவே கராஜில் உயர்த்தி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். சிறு துரு இருந்தால் அதையும் காட்டுங்கள். மறைத்தால் அதைச் சாட்டியே விலையைக் குறைப்பார்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றபின் ஏறிய விலையை மனதில் வைத்திருக்காதீர்கள். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியையும் திறந்துவிட்டார்கள்.

தயவுசெய்து ஓப்பின் பேப்பரில் (வாங்குபவர் பெயரை எழுதாமல் நீங்கள் கையெழுத்து மட்டும் போட்ட பெயர்மாற்றப் பத்திரத்தில்) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெயர் மாறும்வரை பதிவில் நீங்கள்தான் உரிமையாளர். நாளைக்கு அந்தக் கார் எங்காவது மோதினால் பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.