விலையை எப்போது எழுதினார்கள்?

மருத்துவ ஆராய்ச்சியில் அரசும் தனியாரும் கூட்டுச் சேர்வது பற்றி, பாளையங்கோட்டை வாசகர் வட்டத்தில் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மருந்துப் பரிசோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலும் இருந்தவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ஆராய்ச்சிக்கு வரிப்பணம், லாபம் கம்பெனிக்கு. இதற்குக் கூட்டு என்று பெயர் வேறா?

சில கூட்டில் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது. கைக்குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அதில் ஒன்றான ரோட்டாவேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த சில குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது, ஆனால் நோய் வரவில்லை. அந்தச் சாதுவான வைரஸிலிருந்துதான் மருந்து வந்தது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், கேட்ஸ் அறக்கட்டளை, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் எல்லாம் சேர்ந்த வேலை. கடைசிக் கட்டப் பரிசோதனையில் டெல்லி, புனே, வேலூர் குழந்தைகள் 6,799 பேர். ஒரு டோஸ் ஒரு டாலர் என்று கம்பெனி முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தது. அதனால்தான் 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் அது வர முடிந்தது.

அதே கம்பெனியின் கோவேக்சினைப் பாருங்கள். கொரோனா வைரஸைப் பிரித்துக் கொடுத்தது மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரின் புனே ஆய்வகம். நிகர விற்பனையில் 5 சதவீதம் ஐ.சி.எம்.ஆருக்கு ராயல்டி என்று ஒப்பந்தம். ஆனால் 2021 ஏப்ரலில் மாநிலங்களுக்கு 600 ரூபாய், தனியார் மருத்துவமனைக்கு 1,200 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஊரே கூச்சல் போட்ட பிறகுதான் மாநில விலை 400க்கு இறங்கியது. ராயல்டி வந்தது என்று பெருமைப்படுகிறவர்கள், அந்த ராயல்டியும் நாம் கொடுத்த விலையிலிருந்துதானே வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். மருந்து கைக்கு வந்த பிறகு விலை பேசினால் பேரம் யார் பக்கம் சாயும் என்று நயினார்குளம் மார்க்கெட்டில் காய் வாங்குகிறவருக்குத் தெரியும்.

சித்த மருத்துவ மாணவி: பொதிகை மூலிகையை வைத்து ஒரு கம்பெனி மருந்து செய்தால், மலையில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும்?

இதற்கு நம் மலையிலேயே கதை இருக்கிறது அம்மா, அதுவும் உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்படுகிற கதை. 1987இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் தாவரம் தேடிப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்க ஏறினார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்கள், அந்த மலையின் பழங்குடியினர், ஏதோ ஒரு சிறு பழத்தைக் கடித்துக்கொண்டு அலுப்பே இல்லாமல் முன்னால் நடந்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அது ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோட்டில் இருக்கும் அரசுத் தாவர ஆய்வுத் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்து, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. பணத்தை வாங்க 1997இல் அறக்கட்டளை பதிவானது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன்பே, சட்டம் கட்டாயப்படுத்தாமலே பங்கு கொடுத்தார்கள். அந்த மட்டில் பாராட்ட வேண்டும்.

பிறகு இலையில் சிக்கியது. மருந்துக்கு இலை வேண்டும்; காட்டிலிருந்து பறிக்க வனத்துறை விடவில்லை; பயிரிட்டதையும் கொண்டுபோக இழுபறி. இன்னொன்று, அறக்கட்டளை கேரளக் காணிகளுடையது. அதே மலையின் இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பகுதியில் இருக்கும் காணிகளும் அதே குலம்தான். மாநில எல்லையை அந்தச் செடி பார்க்கவில்லை, காகிதம் பார்த்தது.

உங்கள் படிப்புக்கு ஒட்டிய எச்சரிக்கை: உயிரியல் பன்மைச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பின், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபு அறிவுக்குப் பங்கு கொடுக்கும் கடமையில் விலக்கு இருக்கிறது. சுவடியில் ஏறிய மூலிகைக்கும் காணிக்காரர் வாயில் மட்டும் இருக்கும் மூலிகைக்கும் சட்டம் இனி ஒன்றல்ல. எனக்கு இது பிடிக்கவில்லை.

பீடி சுற்றும் பெண், முக்கூடல்: சளியைத் தனியார் மிஷினில் போட்டுக் காசநோய் பார்க்கிறார்கள். பணம் கேட்பார்களா?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கக் கூடாது; காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நீங்கள் பார்த்தது ட்ரூநாட் என்ற மிஷினாக இருக்கலாம். கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்வது, ஐ.சி.எம்.ஆர் சோதித்துப் பார்த்தது, 2020இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், புகையிலைத் தூசிதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாமல் போய்விடுங்கள்.

பொறியியல் மாணவர்: நண்பர்களோடு ஒரு மருத்துவக் கருவி செய்திருக்கிறேன். பணத்துக்கு யாரைப் பார்ப்பது?

உயிரித் தொழில்நுட்பப் புதுமுயற்சிகளுக்கு உதவ 2012இல் மத்திய அரசு தொடங்கிய பைராக் அமைப்பின் ‘பிக்’ நிதியுதவித் திட்டம், 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை. விண்ணப்பிக்கும் முன் கருவியை ஒரு செவிலியர் கையில் கொடுத்துப் பாருங்கள் தம்பி. அவர் அதை எங்கே வைக்கிறார், எதைத் துடைக்கிறார் என்று கவனித்தாலே பாதித் திருத்தம் தெரிந்துவிடும்.

வண்ணார்பேட்டை வாசகர்: அரசே இல்லாமல் மலிவாகச் செய்ய முடியாதா?

மதுரை அரோலேப் 1992இல் தொடங்கி, கண்புரை லென்ஸை வெளிநாட்டு விலையின் சிறு பங்கில் கொடுத்தது. நடத்துவது அறக்கட்டளை. லாபத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கப் பங்குதாரர் இல்லை, அவ்வளவுதான் ரகசியம்.

பெயர் எழுதாத சீட்டு: புது மருந்துப் பரிசோதனைக்கு அப்பாவைக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். முதலில், சி.டி.ஆர்.ஐ என்ற இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண். 2009 ஜூன் 15 முதல் இந்தப் பதிவு கட்டாயம்; எண்ணை வைத்து இணையத்தில் யாரும் பார்க்கலாம். அடுத்து, ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பிரதி உங்கள் கையில். மத்திய அரசின் 2019 மருந்துப் பரிசோதனை விதிகளின்படி பரிசோதனையால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு. அந்தப் பக்கம் படிவத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. ‘இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.