ஆகாயத்தாமரைக்கு வண்டு விடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஏரியில் போன வைகாசியில் பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரையை முழுக்க அள்ளினோம். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் மூடிவிட்டது. வண்டு விட்டால் செடி அழியும் என்கிறார்கள். விடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தாராளமாக விடலாம். இந்தச் செடிக்குத் தென் அமெரிக்காதான் பூர்வீகம். அதைத் தின்னும் கூன்வண்டும் அங்கிருந்து வந்ததே. நம் நாட்டில் 1980களிலேயே விட்டுப் பார்த்தார்கள். பயிருக்கு ஆபத்தில்லை. சுமார் 5 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொண்டு, இரவில் இலையைச் சுரண்டும். இலையில் சின்னச் சின்னதாக வெளிறிய தழும்பு தெரிந்தால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். உண்மையான சேதத்தைச் செய்வது இந்த வண்டின் புழுதான். பந்துபோல் உப்பிய தண்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே பஞ்சாக இருக்கும். செடி மிதப்பது அந்தக் காற்றறைகளால். புழு அதைக் குடைந்துகொண்டே அடிக்குருத்துக்கு இறங்கும். தண்ணீர் புகுந்து, தண்டு அழுகி, செடி மூழ்கும்.

ஆனால் இதற்கு வருஷக்கணக்கில் பொறுக்க வேண்டும். விக்டோரியா ஏரியின் உகாண்டா பகுதியில் 1995இல் வண்டு விட்டார்கள். 1990களின் கடைசியில்தான் செடி பெருமளவு குறைந்தது. நடுவில் பொறுமையிழந்து மொத்தமாக அள்ளினால் வண்டும் செடியோடு போய்விடும். ஒரு மூலையை அதற்கென்று தொடாமல் விடுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் ஏரிக்கு வரும் வாய்க்கால்தான். ஊர்ச் சாக்கடை அதில் கலக்கிறதா? கலந்தால், வண்டு தின்னும் வேகத்தைவிட செடி வளரும் வேகம் அதிகமாகிவிடும். நல்ல உரத் தண்ணீரில் இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகும். செடி மூடிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, பிராணவாயு குறையும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். கெண்டை செத்துவிடும். எனவே, கழிவுநீரைத் திருப்பிவிடும் வேலைக்கு ஊராட்சியில் முதலில் மனுக் கொடுங்கள்.

அள்ளிய செடியைக் கரையின் உட்சரிவில் குவிக்காதீர்கள். அழுகிய சாறு, சத்தோடு ஏரிக்கே திரும்பும். தள்ளிக் கொண்டுபோய்ச் சாணத்தோடு மட்கவைத்தால் எரு.

அப்புறம், விதை. சேற்றுக்குள் 15, 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். வற்றிய ஏரியில் முதல் மழைக்குப்பின் ஓரத்தில் நடந்து பாருங்கள். நாடா மாதிரி ஒல்லியான இலையோடு சேற்றில் வேர்விட்டு நிற்பதுதான் கன்று. தண்ணீர் ஏறியதும் கழன்று மிதக்கத் தொடங்கும். அதற்குள் கையாலேயே பிடுங்கிவிடலாம்.