ஆனர் சொசைட்டி அழைப்பு: 95 டாலர் கட்டுவதற்கு முன்

தம்பி, எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், சிறந்த மாணவராகத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் 95 டாலர் கட்டினால் உறுப்பினராகலாம் என்றும் ஒரு சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருப்பதாக எழுதி, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கட்ட வேண்டாம். உங்கள் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணே இன்னும் வரவில்லை. பிறகு எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து உறுப்பினராக்கும் இத்தகைய சங்கங்களைத்தான் இங்கே ஆனர் சொசைட்டி என்பார்கள். இந்த மரபு மிகப் பழையது. ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தை 1776-இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் மாணவர்களே தொடங்கினார்கள். பொறியியலுக்கு, 1885-இல் லீஹை பல்கலைக்கழகத்தில் பிறந்த டாவ் பீட்டா பை இருக்கிறது. இளநிலை மாணவர்களில், மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்கினரும், இறுதியாண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்கினரும் மட்டுமே அதன் பரிசீலனைக்கு வருவார்கள். மதிப்பெண்ணோடு நடத்தையையும் பார்ப்பார்கள். அழைப்பது உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இயங்கும் கிளைதான். அங்கும் சேர்க்கைக் கட்டணம் உண்டு என்பதால், பணம் கேட்டாலே ஏமாற்று என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

நான் வந்த புதிதில், பெயர் மட்டும் பெரிதாக இருந்த ஒரு சங்கத்துக்கு, மளிகைக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டேன். ஒரு சான்றிதழ் வந்தது. பிறகு மோதிரம் வாங்கு, பதக்கம் வாங்கு என்ற கடிதங்களே வந்தன. ஊரில் அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பின்னர் டாவ் பீட்டா பை கிளை என்னை அழைத்தபோது, பாலத்தைத் தாங்கும் சட்டத்தின் வடிவில் வார்த்த பித்தளைச் சின்னம் ஒன்றைக் கையில் கொடுத்து, மெருகேற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு இரவுகள் உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிற்று. அதைவிடப் பெரிய பயன், வாரந்தோறும் முதலாண்டு மாணவர்களுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்ததில் கிடைத்தது: ஆங்கிலத்தில் பேசும் அச்சம் அங்கேதான் விலகியது, கிளைக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர் என் உழைப்பை நேரில் கண்டதால், பின்னாளில் வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தை மனமுவந்து எழுதினார்.

ஆகவே அந்த மின்னஞ்சலை உங்கள் துறை அலுவலகத்தில் காட்டி, இச்சங்கத்துக்கு நம் பல்கலைக்கழகத்தில் கிளை உண்டா, அதன் ஆலோசகர் யார் என்று கேளுங்கள். ஆலோசகர் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அவரை நேரில் சந்தித்து, கிளை மாணவர்கள் சென்ற ஆண்டு என்ன செய்தார்கள் என்றும் விசாரியுங்கள்.