பிராக் நகரின் பழைய நகர மன்றக் கோபுரத்தில் ஏறுவது அவசியமா? கீழே நின்று அதன் சுவரில் உள்ள வானியல் கடிகாரத்தைப் பார்த்தால் போதாதா?

அவசியம் ஏறுங்கள். பிராக்குக்கு இரண்டு நாள் பயணமாக வந்தாலும் இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலானோர் தெற்குப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, மணி அடித்ததும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கோபுரத்துக்குக் கிழக்குப் பக்கம் என்று ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், கடிகாரத்தைவிட அதுதான் முக்கியம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கடிகாரம். காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை, ஒவ்வொரு மணிக்கும் மேலே உள்ள இரு சிறு சாளரங்களில் இயேசுவின் பன்னிரு சீடர்கள் வரிசையாக வந்து போவார்கள். பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும்; கடைசியில் பொற்சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. "இவ்வளவுதானா?" என்று பலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொம்மைகளைத்தான் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அங்கேயே நின்று முகப்பைப் படியுங்கள்.

வெளி வளையத்தில் பொன்னிறத்தில் 1 முதல் 24 வரை எண்கள் இருக்கும். அது பழைய போகேமிய நேரம் (போகேமியா என்பது பிராக்கைச் சுற்றியுள்ள செக் நாட்டுப் பகுதி). சூரியன் மறையும்போது ஒரு நாள் முடிந்து அடுத்தது தொடங்கும் கணக்கு. அதனால் பருவத்துக்கு ஏற்ப அந்த வளையமே முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே நீலப் பரப்பில் வளைந்து செல்லும் பொற்கோடுகள், பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. பகல் நீண்டால் அந்த 'மணி'யும் நீளும். ஜூனில் பிராக்கின் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் ஏறக்குறைய 8 மணி நேரம். ஆக, கோடையில் அந்த ஒரு மணி ஏறத்தாழ 80 நிமிடம், குளிர்காலத்தில் 40 நிமிடம். சூரிய உதயம் முதல் அத்தமனம் வரையிலான பொழுதை எட்டாகப் பிரித்து ராகு காலம் கணிக்கும் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இது ஒரு நொடியில் புரியும்.

நான் அம்மாவுடன் போயிருந்தேன். வழிகாட்டி யாரும் சொல்லாமலே அம்மா கீழ்த்தட்டைப் பார்த்து, "இது மீனம், அது துலாம், அதோ சிம்மம்" என்று சுட்டத் தொடங்கிவிட்டார். கீழே இருப்பது நாள்காட்டித் தட்டு. அதில் பன்னிரு ராசிகளும், பன்னிரு மாதங்களின் உழவு வேலைகளும் வட்டச் சித்திரங்களாக உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் யோசெஃப் மானெஸ் என்ற ஓவியர் தீட்டியது. மூலம் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது, சுவரில் இருப்பது நகல். மேல்முகப்பிலும் ராசி வளையம் ஒன்று உண்டு. அதில் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு நம் நாள்காட்டியோடு ஒப்பிட்டால் பொருந்தாது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை வைத்துக் கணிக்கும் முறை அங்கே. மார்ச் 21 வாக்கிலேயே சூரியன் மேஷத்துக்குள் போய்விடும். நமக்கு அது நடப்பது சித்திரை முதல் நாளில்தான். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இவர்களுக்கு வருடப் பிறப்பு முன்னாலேயே வந்துவிடுகிறது" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் உண்டு. ஹனுஷ் என்ற வல்லுநர் இதைச் செய்ததாகவும், வேறெங்கும் இதுபோல் செய்துவிடக் கூடாது என்று நகரத்தார் அவர் கண்களைக் குருடாக்கியதாகவும் ஒரு கதையைச் சுற்றுலாக் குழுக்களில் இன்றும் சொல்கிறார்கள். அது வெறும் கதை. 1410இல் இதைச் செய்தவர் காடான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர். அவருக்குத் துணை நின்ற கணிதவியலாளராகக் கருதப்படுபவர், பிராக் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் யான் ஷிண்டெல். ஆறு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் படைப்புக்கு உரியவர்களை ஒரு கட்டுக்கதை மூடி மறைப்பது நியாயமில்லை. அங்கே நிற்கும்போது அவர்கள் பெயரை ஒரு முறையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேலே. 1338இல் லக்சம்பர்க் வம்சத்து மன்னர் யான் நகர மன்றம் அமைத்துக்கொள்ள அனுமதி தந்தபோது, நகரத்தார் புதுக் கட்டடம் கட்டவில்லை. ஒரு வணிகரின் வீட்டை வாங்கினார்கள். பிறகு பக்கத்து வீடு, அதற்கும் அடுத்தது என்று வாங்கிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அதனால்தான் தெற்கு முகப்பு ஒவ்வொரு நிறத்தில், ஒவ்வொரு பாணியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளின் வரிசையாகத் தெரிகிறது. 1364இல் முடிந்த கோபுரம் ஏறக்குறைய 70 மீட்டர் உயரம். படியேற முடியாதே என்று பெரியவர்களைக் கீழே உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டாம். உள்ளே கண்ணாடி லிஃப்ட் இருக்கிறது. சக்கர நாற்காலியும் போகும். முழங்கால் வலியோடு வந்த அம்மா சிரமமில்லாமல் ஏறினார். நடக்க முடிந்தவர்கள் சுவரோரமாகச் சுற்றிச் செல்லும் சாய்தளத்தில் நடந்தே போகலாம்.

மேல் நடைபாதை குறுகலானது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எதிர்ப்புறம் டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டும் ஒன்றுபோல இல்லை, ஒன்று சற்றுப் பருத்தது. கீழிருந்து இது சட்டென்று தெரியாது. மேற்கே ஆற்றுக்கு அப்பால் கோட்டையும் தூய விதுஸ் பேராலயமும். சதுக்கத்தின் நடுவே செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் நினைவுச்சின்னம். அவர் எரிக்கப்பட்ட 500ஆம் ஆண்டான 1915இல் நிறுவியது. சீடர்கள் வந்துபோனதும் மரபுடை அணிந்த ஒருவர் மேலிருந்து எக்காளம் ஊதுவார். அப்போது கீழே நூற்றுக்கணக்கான முகங்கள் ஒன்றாக நிமிரும்.

இப்போது வடகிழக்குப் பக்கம் வந்து நேர் கீழே பாருங்கள். சுற்றிலும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஊரில், கோபுரத்தை ஒட்டி மட்டும் புல்லும் மரங்களுமாக வெற்றிடம் ஒன்று இருக்கும். அழகுக்காக விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நகர மன்றத்தின் பெரிய பகுதி இருந்தது. 1945 மே மாதம் பிராக் மக்கள் நாஜிப் படைகளுக்கு எதிராக எழுந்தபோது, போர் முடிவதற்குச் சில மணி நேரமே இருந்த மே 8 அன்று, ஜெர்மானியர்கள் சுட்டதில் அது எரிந்துபோனது. நகர ஆவணக் காப்பகத்தின் பெரும்பகுதி சாம்பலானது. கடிகாரத்தின் மரச் சீடர்களும் எரிந்தார்கள். இன்று நாம் பார்ப்பவை வொய்தியெக் சுஹர்தா புதிதாகச் செதுக்கியவை. கடிகாரம் 1948இல்தான் மறுபடி ஓடியது. அந்த இடத்தை நிரப்பப் பலமுறை கட்டடக்கலைப் போட்டிகள் நடந்தும் எதுவும் எழவில்லை. கீழே இறங்கியதும் கோபுரத்தின் வடபுறம் போய்ப் பாருங்கள். இடித்தது போக எஞ்சிய துண்டு, பாதியில் அறுபட்ட சாளரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோபுரத்தின் கிழக்குச் சுவரடியில் தரைக்கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். மக்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு அவற்றின் மேல் நடந்துபோவார்கள், பெரும்பாலும் தெரியாமல்தான். வெள்ளை மலைப் போரில் தோற்ற போகேமியக் கிளர்ச்சியின் தலைவர்களை 1621 ஜூன் 21 அன்று, அப்போது போகேமியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் அரச வம்சம் இங்கே கொன்றது: 3 பிரபுக்கள், 7 வீரப் பெருமக்கள், 17 நகரவாசிகள். அவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ், பல்கலைக்கழகத்தின் தலைவர். 1600இல் இதே ஊரில் பொதுமக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்து உடற்கூறு விளக்கிய மருத்துவர். அவருடைய நாக்கை அறுத்த பிறகே தலையை வெட்டினார்கள். 12 தலைகளைச் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அவை ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே இருந்தன. 27 பேரின் பெயர்களும் சுவர்ப் பலகையில் உள்ளன. ஒரு பெயரையாவது நின்று படியுங்கள்.

நேரம் இருந்தால் உட்புற அரங்குகளையும் விடாதீர்கள். தேவாலய அறையில், வெளியே கூட்டம் அண்ணாந்து பார்க்கும் அதே சீடர்களைப் பின்புறமிருந்து மிக அருகில் பார்க்கலாம். நிலவறைகளும் உண்டு. வெள்ளத்துக்கு அஞ்சிப் பழைய ஊரின் தரைமட்டத்தை உயர்த்தியதால், ஒரு காலத்தில் தெருமட்டத்தில் இருந்த அறைகள் அவை. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஏறினால் பகல் வெளிச்சமும் விளக்கொளியும் இரண்டுமே கிடைக்கும். மேலே காற்று பலமாக வீசும், கோடையிலும் மேலங்கி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தடிக் கூட்டத்தில் பணப்பையை முன்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.