எல்லோரும் ‘ஆமாம்’ போட்ட தாள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 12 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருஷம் என்னைக் ‘குவாலிட்டி சிஸ்டர்’ ஆக்கினார்கள். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரத்துக்குத் தயாராகிறோம். நோயாளி பாதுகாப்பைப் பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேள்வித்தாள் கொடுத்து வாங்கியதில் 96 சதவீதம் வந்தது. பெரிய டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம், நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிவிட்டார். ஆனால் போன மாதம்தான் ஐ.சி.யு.வில் டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்து ஒரு பெண் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை (நீர்க்காமல் நேரே ஊசியில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும்) உடைத்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் பார்த்ததால் தப்பித்தோம். அது எந்த நோட்டிலும் ஏறவில்லை. சம்பவப் பதிவேட்டில் ஆறு மாதமாக ஒரு வரிகூட இல்லை. இந்த 96-ஐ நம்பலாமா? நிரப்பிய தாள்கள் சிலவற்றின் நகலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள சகோதரி,

நம்ப வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய தாள்களிலேயே இருக்கிறது.

முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை, கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி ஒரே நேர்க்கோட்டில் டிக். எல்லாம் ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’. சரி, நடுவில் இருக்கும் ஒரு வரியை மறுபடி படியுங்கள்: ‘இங்கே தவறு செய்தால் அதை நமக்கு எதிராகவே வைத்துக்கொள்கிறார்கள் என்று ஊழியர்கள் நினைக்கிறார்கள்.’ அதற்கும் முழுமையாக ஆமாம்! இன்னும் கொஞ்சம் கீழே, ‘ஒரு சம்பவத்தைத் தெரிவித்தால் பிரச்சினையை விட்டுவிட்டு ஆளைத்தான் எழுதுகிறார்கள்’ என்பதற்கும் ஆமாம். இரண்டுக்கும் நல்ல பதில் ‘இல்லை’. யார் படித்துவிட்டு நிரப்புகிறார்கள் என்று பார்க்கத்தான் இப்படிச் சில கேள்விகள் தலைகீழாக இருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். உங்கள் ஆபீஸில் கணக்குப் போட்டவர் எல்லா டிக்கையும் நல்லதாக எண்ணிக் கூட்டிவிட்டார். 96 வந்த கதை இதுதான்.

உங்களிடம் இருப்பது, மருத்துவச் சேவையின் தரத்தைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் ஏ.எச்.ஆர்.க்யூ. அமைப்பு 2004-இல் வெளியிட்ட கேள்வித்தாளின் தமிழாக்கம். 42 கேள்விகள், 12 தலைப்புகள். 2019-இல் இதைச் சுருக்கிப் புதிதாக்கினார்கள். அதில் ‘பொருந்தாது அல்லது தெரியாது’ என்று ஒரு கட்டமும் உண்டு. புதியதையே எடுங்கள். லேப் பையனிடம் டியூட்டி மாற்றும்போது வார்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அவன் என்னதான் போடுவான்? கணக்கு ரொம்ப எளிது. நேர்க் கேள்வியில் ஒத்துக்கொண்டவர்களை எண்ணுங்கள், தலைகீழ்க் கேள்வியில் மறுத்தவர்களை எண்ணுங்கள், பதில் சொன்னவர்களில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தலைப்பு வாரியாகச் சராசரி எடுத்து அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாத் தலைப்பையும் கலந்து ஒரே எண்ணாக்கி போர்டில் ஒட்டாதீர்கள். மேட்டூரில் 120 அடி நிற்கிறது என்பதை வைத்து வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று சொல்ல முடியாது இல்லையா? பகல் டியூட்டியும் ஓ.பி.யும் சேர்ந்து தூக்கிவிட்ட சராசரிக்குள் ஐ.சி.யு.வின் நைட் டியூட்டி காணாமல் போய்விடும்.

அப்புறம், தாளின் மேல்மூலையில் ‘எம்ப்ளாயி நம்பர்’ என்று ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

டெல்டாவில் ஒரு ஊரில், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். நைட் சிஸ்டர் காலை ஆறே முக்காலுக்கு இன்சுலின் போட்டுவிட்டு, பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் சார்ட்டில் எழுதாமல் கிளம்பிவிட்டார். ஏழரைக்கு நான் மறுபடி போட்டேன். எட்டரை மணிக்கு அந்தப் பெரியவருக்குச் சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, கை நடுக்கம். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தோம். நானே போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எனக்கு மெமோ, ஒரு நாள் சம்பளம் பிடித்தம். டியூட்டி மாற்றும் நேரத்தை யாரும் தொடவில்லை. அதற்கப்புறம் அந்த வார்டில் யாராவது எதையாவது எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நானே எழுதவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

உங்கள் பெண்களும் பொய் சொல்லவில்லை. நம்பர் கேட்ட தாளை இன்சார்ஜ் சிஸ்டர் கையில் கொடுத்தால் எந்தப் பதில் பாதுகாப்பானதோ அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுபடி எடுக்கும்போது பெயரும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். மடித்துப் போட ஒரு பூட்டிய பெட்டியை மெஸ் வாசலில் வையுங்கள். நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்தால் இன்சார்ஜ் கண்ணெதிரே போட வேண்டிவரும். டாக்டர்கள், பார்மஸி, ஆயாம்மா வரை எல்லோரிடமும் கேளுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வெளியாள் ஒருவர் வாசித்துக் காட்டட்டும், அது நீங்களாக இருக்க வேண்டாம். ஒரு வார்டில் பத்துப் பேருக்குக் குறைவாகப் பதில் சொல்லியிருந்தால் தனியாகக் காட்டாமல் இன்னொரு வார்டோடு சேர்த்துவிடுங்கள். நாலு பேர் இருக்கும் டயாலிசிஸ் யூனிட்டில் ‘ஒருவர் மறுத்தார்’ என்றால் யாரென்று அரை மணியில் தெரிந்துவிடும். தீபாவளி போனஸ் சமயத்திலும் அங்கீகாரக் குழு வருகிற வாரத்திலும் எடுக்கவே வேண்டாம்.

சம்பவப் பதிவேட்டுக்கு வருகிறேன். அதே கேள்வித்தாளில், கடந்த 12 மாதத்தில் நீங்கள் எத்தனை சம்பவம் தெரிவித்தீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். ‘ஒன்றும் இல்லை’ என்று நிறையப் பேர் போடுவார்கள். இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை, அமெரிக்காவிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலை உங்கள் காலிப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 96-ஐ விட அது எவ்வளவோ உண்மையான தகவல்.

கேள்வித்தாளுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பொட்டாசியம் ஆம்பூல்களை டிஸ்டில்டு வாட்டர் தட்டிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி, சிவப்பு லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். சாதாரண வார்டுகளில் இருந்தால் பார்மஸிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். பதிவேட்டின் முதல் வரியாக அந்த ஆம்பூல் சம்பவத்தை எழுதுங்கள், அந்தப் பெண்ணின் பெயர் இல்லாமல். தடுத்தவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது? ஓ.பி. முடிந்து, அவர் சாப்பிட்ட பிறகு, தனியாக இருக்கும்போது போங்கள். 96 தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டு தாளை மேஜையில் வைத்து அந்தத் தலைகீழ் வரிகளை மட்டும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். மீதியை அவரே புரிந்துகொள்வார். “அப்ப எவ்வளவுதான்மா வரும்?” என்று கேட்பார். “தெரியலை சார், மறுபடி எடுத்தால்தான் தெரியும். குறைஞ்சு வந்தா யாருக்கும் மெமோ போகக் கூடாது, அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.