ஐந்து பெயர், ஒரு கையெழுத்து

வணக்கம் ஐயா,

பொதுச் சுகாதார இளநிலைப் பட்ட வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஐவர் குழுவுக்கு ஓர் ஆய்வு கொடுத்தால், ஒருத்தி இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறாள். மற்ற நால்வரும் அட்டையில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். சேர்ந்து வேலை செய்வதை எப்படித்தான் கற்பிப்பது?
க.

அன்புள்ள க.,

அந்த நால்வர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையை ஐவரிடம் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார்.

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதையும், மருத்துவர் ஜான் ஸ்னோ அங்கிருந்த அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததையும் உங்கள் மாணவர்கள் படித்திருப்பார்கள். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அதைத் தனியொருவரின் வெற்றியாகவே சொல்கின்றன. ஆனால், அப்பகுதி ஆலயத்தின் உதவிக் குருவானவர் ஹென்றி வைட்ஹெட், அந்தக் குழாய்த் தண்ணீரால்தான் நோய் பரவியது என்று ஸ்னோ சொன்னதை நம்பவில்லை. அதைத் தவறென்று காட்டத்தான் வீடு வீடாக ஏறினார். பழகிய முகம் என்பதால் அவருக்குக் கதவு திறந்தது. இறந்தவர்களைப் பற்றி மட்டுமல்லாமல், பிழைத்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்றும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய எண்ணமே மாறியது. 40ஆம் எண் வீட்டில் நோயுற்று இறந்த கைக்குழந்தையின் துணிகளை ஊறவைத்த நீரைத் தாய் முன்புறக் கழிவுக்குழியில் கொட்டியதை, ஸ்னோவுக்குத் தெரியாத அந்தத் தொடக்கத்தை, மறுத்தவரே கண்டுபிடித்தார். 1855இல் சர்வேயர் யார்க் தோண்டிப் பார்த்தபோது, அக்குழி அடிகுழாய்க்கு நீர் தந்த கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

இதையே பயிற்சியாக்குங்கள். இறப்புப் பட்டியல் ஒருத்தியிடம், தெரு வரைபடம் இன்னொருவனிடம், வீடுகளில் கேட்டறிந்தவை மூன்றாமவரிடம், தோண்டியபோது எடுத்த அளவுகள் நான்காமவரிடம் இருக்கட்டும். ஐந்தாமவருக்கு மறுப்பது மட்டுமே வேலை. தாளைக் கைமாற்றக் கூடாது, வாயால் கேட்டுத்தான் பெற வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை, யார் சொன்னதைக் கேட்டு எந்த முடிவை மாற்றிக்கொண்டேன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதும் ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். இரவெல்லாம் விழித்திருப்பவளாலும் அந்தப் பக்கத்தை மற்றவர்களுக்காக எழுதித் தர முடியாது.

அடுத்த பருவத்தில் ஒரு கிராமத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போடுகிறவரையும் குழுவில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் எந்த வாரம் தீர்ந்துபோனது என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் மட்டும் குறிப்பேடுகள் பைக்குள்ளேயே இருக்கட்டும். நோட்டைக் கண்டால் விசாரிக்க வந்தவர்கள் என்று நினைத்து, எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.